பித்தத்தின் மேல் போடும் பழி

பிள்ளையார்குப்பத்தில் யாராவது "தலை கிறுகிறுன்னு சுத்துது" என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வந்துவிடும். "பித்தம் தலைக்கேறிடுச்சு, வெறும் வயித்துல இஞ்சிச் சாறு குடி" என்பார் ஒருவர். "ரெண்டு தரம் வாந்தி எடுத்தா இறங்கிடும்" என்பார் இன்னொருவர். அவர்களுடைய அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நம்புவதைத்தான் மறுக்கிறேன். வேலை செய்து பிழைக்கிறவரை மூலையில் உட்கார வைக்கிற நம்பிக்கை அது. சில வேளைகளில் ஆளையே கொண்டுபோய்விடுகிறது. புதுச்சேரி–கடலூர் சாலையில் எங்கள் ஊரிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் சனங்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். இருந்தும் தலைசுற்றலுக்கு இன்றைக்கும் பித்தம் ஒன்றுதான் காரணம்.

பித்தம் என்று சொல்கிறவர்களிடம் ஒரு சாட்சி இருக்கிறது, அதுதான் அவர்களை அசைக்க முடியாமல் வைத்திருக்கிறது. தலைசுற்றியவர் வாந்தி எடுக்கிறார். முதலில் சாப்பாடு வருகிறது, பிறகு கசப்பாக மஞ்சள் தண்ணி. "பாரு, பித்தமே வெளிய வருது" என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? மறுக்கத்தான் வேண்டும். அந்த மஞ்சள் தண்ணி பித்தநீர்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அது தலைசுற்றலைக் கொண்டுவரவில்லை. தலைசுற்றல்தான் அதைக் கொண்டுவந்தது. உலகம் சுழல்கிறது என்று உள்காது சொல்கிறது, சுவர் அசையவே இல்லை என்று கண் சொல்கிறது. இந்த முரண்பாட்டில் மூளையின் குமட்டல் மையம் கிளறப்படுகிறது. இரைப்பை காலியான பிறகும் ஓங்கரிப்பு நிற்காவிட்டால், சிறுகுடலில் இருக்கிற பித்தநீர் மேலேறி வந்துவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது வாந்தி எடுக்கிற பிள்ளைக்கும் கடைசியில் அதே மஞ்சள் தண்ணிதான் வருகிறது. அந்தப் பிள்ளைக்குப் பித்தம் என்று யாரும் பத்தியம் போடுவதில்லை.

எலுமிச்சம்பழத்துக்கு நல்ல பெயர் கிடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. உள்காதால் வரும் சுற்றல்களில் அடிக்கடி காணப்படுவது ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கலக்கி முடிப்பதற்குள் அது ஓய்ந்திருக்கும். குடித்ததும் நின்றது என்று ஊர் பேசிக்கொள்ளும்.

என் பெரியம்மா நடவுக்குப் போகிறவர். குனிந்து நாற்றை ஊன்றும்போதெல்லாம் சேறு சுழலும் என்பார். விடியற்காலையில் வலப்பக்கம் ஒருக்களித்தால் கூரை சுற்றும். ஊர் தீர்ப்புச் சொன்னது: பித்தம். கத்தரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, காப்பி போயிற்று. நடவும் போயிற்று, கூலியும் கூடவே போயிற்று. கடைசியில் படுத்தால் சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது இயல்பாகிப் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

பிறகு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஸ்கேன் எழுதவில்லை. எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது, காதில் இரைச்சல் உண்டா, கேட்பது மந்தமாகிறதா என்று கேட்டார். கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் நாற்பத்தைந்து டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கியது. "ஐயோ, விடுங்க சாமி" என்று பெரியம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கண்ண மட்டும் மூடாதீங்கம்மா, என்னையே பாருங்க" என்றார் மருத்துவர். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு விழிகள் இரண்டும் சுழன்றபடி வெடுக் வெடுக்கென்று துடித்தன. அரை நிமிடம் போல இருக்கும், தாமாகவே அடங்கின. அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி நிறுத்தினார், உடம்போடு சேர்த்து முகம் தரையைப் பார்க்கும்படி உருட்டினார், மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். மொத்தமும் சில நிமிட வேலை. மறுவாரம் இன்னொரு முறை செய்தார். பெரியம்மா மறுபடியும் பாயில் படுத்துத் தூங்கினார்.

உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதாலோ தலையில் அடிபட்டதாலோ காரணமே தெரியாமலோ அவை கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போது துகள் உருளும், குழாயில் உள்ள திரவம் அசையும், தலை சுழல்வதாக மூளை ஏமாறும். மருத்துவர் செய்தது அந்தத் துகளை வந்த வழியே திருப்பி அனுப்புவது. இஞ்சிச் சாறு அந்தக் குழாயை எட்டாது.

தலைசுற்றலைத் தவறான இடத்தில் தேடியது நம் ஊர் மட்டுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் பிரெஞ்சு மருத்துவர்களே இதை மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டதால் வருவது என்று நம்பி, அட்டை விட்டும் ரத்தம் வடித்தும் வைத்தியம் பார்த்தார்கள். பாரிஸில் காது கேளாதோர் நிலையத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியேர் 1861-இல், இந்த நோய் மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்று எழுதிப் படித்தார். புதுச்சேரியை அன்று ஆண்டதும் பாரிஸ்தான். அந்த ஊரில் தெளிந்த விஷயம் இங்கே எங்கள் பாகூர் கொம்யூனுக்கு வந்து சேர இன்னும் எத்தனை காலம் வேண்டும்? உள்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாரானிக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தது. பெரியம்மாவைப் படுக்க வைத்துப் பார்த்த சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் விளக்கினார்கள். துகளைத் திருப்பி அனுப்பும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கினார். தலையைத் திருப்பி நோயைக் குணமாக்குவதா என்று சக மருத்துவர்களே அவரை நம்ப மறுத்தார்கள். 1992-இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. இன்றைக்கு அது உலகம் முழுக்கச் செய்யப்படுகிறது.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. சித்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார். எதுவும் கேட்காமலே திண்ணையில் சொல்லப்படும் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். இங்கிலீஷ் மருந்துக்காரர்களும் இதில் தப்ப முடியாது. பித்தம் போய் அந்த இடத்தில் "கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கு" வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டிப் பட்டை மாட்டிவிடுகிறார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குமட்டல் கடுமையாக இருக்கும் ஓரிரு நாளுக்கு அவை உதவும். தொடர்ந்து போட்டால் முதியவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும், மூளை தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்வதும் தள்ளிப்போகும்.

ஏனென்றால் மூளைக்கு அந்தத் திறமை உண்டு. உள்காது பழுதானவர்கள் மெல்ல மெல்லத் தலையை அசைத்து, நடந்து, குனிந்து நிமிர்ந்து பழகினால் அது புது நிலைக்கு ஒத்துப்போய்விடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையில் அடிபட்டவர்களுக்கு இதற்கென்று பயிற்சிகள் வகுத்தார்கள். "அசையாம படு" என்று நாம் சொல்வது அதற்கு நேர் எதிர். சுற்றல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எழுந்ததும் கட்டிலோரம் சற்று உட்கார்ந்து பிறகு நிற்கட்டும், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், சுற்றுகிற நாளில் ஏணியும் வண்டியும் வேண்டாம். மற்றபடி நடக்கட்டும், வேலை பார்க்கட்டும்.

எல்லாத் தலைசுற்றலும் காதால் வருவதில்லை என்பதும் உண்மை. நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கிற அம்மாவுக்குச் சுற்றினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நம் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்லவே வேண்டாம். இத்தனையையும் பித்தம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், பிரித்துப் பார்க்கிற பேச்சே இல்லாமல் போகிறது.

எனக்குப் பெரும் பயம் வேறொன்றில். சிறுமூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தாலும் தலை சுற்றும், வாந்தி வரும், அதே மஞ்சள் தண்ணியும் வரும். கூடவே பேச்சு குழறும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், முகமோ கையோ மரத்துப்போகும், பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். இது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது. அதுவும் நன்றாக இருந்த கடைசி நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். பித்தம் இறங்கட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் அந்த நேரம் கரைந்துவிடும். அதைவிடக் கொடுமை, அந்த நிலையில் அவர்களுக்கு விழுங்கும் திறனே குறைந்திருக்கும். வாயில் ஊற்றும் இஞ்சிச் சாறு நுரையீரலுக்குள் இறங்கும். அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.