பூனையும் பாலும் வாயுவும்

கம்பனும் சிலம்பும் பேச வேண்டிய சங்க இதழில் பூனையின் வயிற்றுப் பொருமலுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பரே தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத்தான் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். தெனாலிராமன் கதையில் சூடுபட்ட பூனை எதைக் கண்டு ஓடியது? பாலைக் கண்டுதான். பூனை என்றால் பால் என்பது நம்மவர் நெஞ்சில் அவ்வளவு ஆழமாகப் பதிந்து கிடக்கிறது. அந்த நம்பிக்கை என் வீட்டில் மூன்று வருடம் நாற்றமாக வெளிப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்; ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரக்பூர் பணிமனையில் டிப்ளமா படித்த கையோடு சேர்ந்து, சீனியர் செக்ஷன் என்ஜினியராக ஓய்வு பெற்று, கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியேறியவன் நான். 2020-ஆம் வருடம் மே மாதம் 20-ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்த மறுநாள், சாய்ந்து கிடந்த மரக்கிளைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. ஊரில் மின்சாரம் இல்லை; ஊரடங்கு வேறு. தூக்கிக்கொண்டு வந்தேன். பெயர் மினி. வங்காளத்தில் பாதிப் பூனைகளுக்கு அதுதான் பெயர்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர்கள். வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. ஆகவே மினிக்கும் எங்கள் சாப்பாடுதான். காலையில் ஒரு கிண்ணம் பால், மதியம் பருப்பு சாதமும் நெய்யும், மாலையில் பாலில் நனைத்த பிஸ்கட், இரவு தயிர்சாதம். ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குப் பெருமைதான்.

குறை வேறு வழியாக வெளிவந்தது. வளர்ந்த பிறகு மினிக்கு வாயு பிரிய ஆரம்பித்தது. சத்தம் கிடையாது. ஆனால் அது பக்கத்தில் வந்து சுருண்டு படுத்த ஐந்தாவது நிமிஷம் அறையில் இருப்பவர் எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும்.

பொங்கல் விழா பற்றிப் பேச எங்கள் வீட்டில் ஒரு நாள் கமிட்டி கூடியது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மினி சோபாவுக்கு அடியில். பட்ஜெட் பேச்சு சூடு பிடித்த நேரத்தில் அது தன் பங்கைச் செலுத்திவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் எல்லோரும் பார்த்தது என்னை! "பூனைதான் ஸார்" என்றேன். அதை எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. காப்பி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

இதெல்லாம் சிரிப்புக்கு. சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. கட்டடத்தில் ஒருவர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஒரு சாக்கில் போட்டு ஹூக்ளிக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள், ஒரு நாள் வேலை" என்றார். கெட்டவர் அல்ல, நல்ல மனிதர்தான். அன்று இரவு நானும் அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என் மனைவிக்குத் தலைவலி. ஒரு பழைய சாக்கைத் தேடி எடுத்துக்கூட வைத்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு மாஷிமா காதுக்கு இது எட்டியது. "தாதா, பூனை ஷஷ்டி தேவியின் வாகனம், தெரியுமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளைக் காக்கும் தெய்வம் ஷஷ்டி. பூனைக்குத் தீங்கு செய்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்பது வங்காளிகளின் நம்பிக்கை. நம்பிக்கை இருக்கட்டும்; சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். சாக்கை மடித்துப் பரணில் போட்டேன்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு கல்யாணம். பத்து நாள் மினியை மாஷிமாவிடம் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்ததும் தயங்கித் தயங்கி, "நாற்றம் தொந்தரவு செய்ததா?" என்று கேட்டேன். "என்ன நாற்றம்?" என்றார் அவர். நானே குனிந்து மோந்து பார்த்தேன். இல்லை! மறுநாள் நாங்கள் வழக்கம்போலப் பால் வைத்தோம். சாயங்காலமே பழைய கதை.

நாற்பது வருடம் நான் பார்த்த வேலை அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. ரயில் வண்டியின் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ கசிவு. காற்று சீறும் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் கடைசிப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன ஏற்றுகிறோம் என்று பார்க்கவே இல்லை. மாஷிமா வீட்டில் என்ன ஏற்றினார்கள்? வேகவைத்த மீன். பால் ஒரு சொட்டுக் கிடையாது.

மிருக வைத்தியரிடம் போனேன். மெனுவைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "ஐயா, இது உங்கள் சாப்பாடு. பூனையின் சாப்பாடு எங்கே?" என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. பசும்பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு. அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாயிடம் பால் குடிக்கும் குட்டிக்கு அது நிறைய சுரக்கும். பால் மறந்த பின் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது. பருப்பிலுள்ள சில சர்க்கரைகளும் அப்படியே. துர்நாற்றம் கந்தகம் கலந்த வாயுக்களால் வருவது. பால் நம்மில் பலருக்கும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் நமக்கு வாய் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. பூனை கட்டாய மாமிச உண்ணி. டாரின் என்ற ஒரு சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். பாலின் புரதமான கேசினை வைத்தே தயாரித்த உணவில் வளர்ந்த பூனைகளுக்கு டாரின் குறைந்து விழித்திரை கெட்டுப்போவதை 1975-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே குறையால் இருதயம் வீங்கித் தளர்கிறது என்பதை 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்காட்டினார்கள். அன்பாகப் பாலும் பருப்பும் ஊற்றி அந்தப் பிராணியின் கண்ணையும் இருதயத்தையும் நான் பறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயு எனக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. உண்மையில் அது எனக்கு வந்த எச்சரிக்கை மணி.

சந்தேஷும் மிஷ்டி தோயும் ஆசையாக ஊட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையை அறியும் மரபணு அதற்குச் செயலிழந்திருப்பதை 2005-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆசை நம்முடையதுதான்.

சரி, மீனை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? என் மனைவியிடம் வைத்தியர் சொன்னதை அப்படியே சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணு போயிருமாங்க?" என்று கேட்டாள். "போகலாம்" என்றேன். "அப்ப வாங்கிட்டு வாங்க. ஆனா பின்னால பால்கனியில தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நீங்களே பாருங்க. என் அடுக்களைக்குள்ள வரப்படாது" என்றாள். அன்று முதல் நான்தான் சமையல்காரன். முதல் நாள் மீன் கடையில் நின்றபோது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது கடைக்காரரே "மினிக்கா?" என்று கேட்டு முள் எடுத்துத் தருகிறார்.

சங்க நண்பர் ஒருவர், "சைவ வீட்டில் இது பாவமில்லையா? வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே" என்றார். உண்மை. 26-ஆவது அதிகாரம். அது இருப்பது துறவறவியலில். மினி துறவறம் பூண்டதாகத் தெரியவில்லை. விரதம் என்பது எடுத்தவருக்கு. நான் எடுத்த விரதத்தை, எடுக்காத ஒரு பிராணியின் வயிற்றில் ஏற்றி வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். மீனைக் கையில் வாங்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிர் போகிறது. இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. நேராகாத கணக்கோடுதான் மினியை வளர்க்கிறேன்.

என் கருத்து இதுதான். பூனையைப் பூனையாக வளர்க்க மனமிருந்தால் வளர்க்க வேண்டும். அதற்குக் குடும்ப ஆசாரம் இடம் கொடுக்கவில்லை என்றால் அதில் தவறே இல்லை. அவர்கள் புல் தின்னும் முயலை வளர்க்கட்டும், புறாவுக்குத் தானியம் போடட்டும். பூனையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அதைச் சைவமாக்கப் பார்ப்பதும், வயிறு கெட்டதும் சாக்கைத் தேடுவதும் அன்பில் சேராது.

இதே தொல்லை உள்ள அன்பர்களுக்கு, அனுபவத்தில் சில குறிப்புகள்:

1. முதலில் பாலை நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

2. உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். மாற்றத்தை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்; எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தானே தெரியும்.

3. வெறும் மீன் மட்டும் போதாது. டாரின் முதலிய சத்துகள் எல்லாம் சேர்ந்த, பூனைக்கென்றே முழு உணவாகத் தயாரித்ததை முக்கிய ஆகாரமாக வையுங்கள். மீன் அதற்குத் துணை. முள்ளில்லாமல், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைக்க வேண்டும்.

4. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைத்துவிடும். வாயுவுக்குப் பூண்டு நல்லது என்ற நம் பாட்டி வைத்தியம் இங்கே விஷம். பாராசிட்டமால் மாத்திரை உயிரையே வாங்கும். நான் ஓமத் தண்ணீர் புகட்டப் போய்க் கையில் கீறல் வாங்கி, ஊசி போட்டுக்கொண்டது தனிக் கதை.

5. "லங்கணம் பரம ஔஷதம்" என்று பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

6. அவசரமாக விழுங்கும் பூனை காற்றையும் சேர்த்து விழுங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வையுங்கள்.

7. வயிற்றுப்போக்கு, வாந்தி, மெலிவு, வயிறு உப்பல், சாப்பாட்டில் வெறுப்பு இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். குடற்புழுவாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்றே வாரத்தில் ஜன்னலை மூடி வைக்க முடிந்தது. போன மாதம் ஒரு நாள் மழையில் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, அதுக்கு மீன் வாங்கிட்டு வந்தாச்சா? பசிக்காதா அதுக்கு?" குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளருக்கு இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். மினியும் கலந்துகொள்ளும். அதற்குமேல் யாருக்காவது ஏதாவது நாற்றம் வந்தால், தயவுசெய்து என்னைப் பார்க்க வேண்டாம்.