கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பெரியவர்கள் அடிக்கடி எடுத்து வீசும் பழமொழி. கருவியைக் குறை சொல்பவன் வேலை தெரியாதவன் என்பது அதன் கருத்து. ஆனால், கூடம் மெய்யாகவே கோணலாக இருந்தால் என் செய்வது? இந்த ஐயத்தை எனக்குள் கிளப்பியது ஒரு சால்டரிங் அயர்ன்.

இரண்டாம் ஆண்டில் 5 வோல்ட் மின்வழங்கி ஒன்றைச் செய்ய முனைந்தேன். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்த அயர்ன் ஒன்றை வாங்கினேன். இரண்டு முள் பிளக். வெறும் செம்பு முனை. செய்து முடித்த மின்வழங்கி ஒரு நேரம் 5 வோல்ட் காட்டும். மேசையைத் தட்டினால் சுழியம் காட்டும். ‘7805’ சில்லை மாற்றினேன், மின்தேக்கியை மாற்றினேன். பயனில்லை. ‘நமக்குக் கை வராது, ஏட்டுப் படிப்போடு நின்றுகொள்வோம்’ என்றே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் ஆசிரியர் அதை உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, “தம்பி, சில்லில் குறையில்லை. பற்றாசு ஒட்டவே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது” என்றார். தம் சொந்த அயர்னைக் கொடுத்தார். அதே கை, அதே பற்றாசு. அன்று மாலையே மின்வழங்கி ஒழுங்காக வேலை செய்தது!

நண்பர்களே, கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பதே. வாட் என்பது வெப்பம் எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதன் அளவு. முனையின் வெப்பநிலை அன்று. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியசில் உருகும். பற்றாசு உருகினால் போதாது. கம்பியும் செம்புத் தகடும் அந்தச் சூட்டை எட்டவேண்டும். கட்டுப்பாடற்ற அயர்ன் சும்மா இருக்கையில் மிகையாகச் சுடும். வேலையில் தொட்டதும் குளிர்ந்துவிடும். முனையருகே வெப்ப உணரி உள்ள அயர்ன், சூடு குறைந்த உடனே ஈடு செய்யும். அதை 350 டிகிரி அளவில் வைத்தால், சிறிய இணைப்பு இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடும். அதை வாங்க இயலாதோர்க்கு, சிறு வேலைக்கு 25 வாட் அளவுள்ள நல்ல அயர்ன் போதும்.

அடுத்து, முனை. வெறும் செம்பு உருகிய வெள்ளீயத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து குழிவிழும். இரும்பு முலாம் பூசிய முனை நீண்ட நாள் உழைக்கும். ஆனால், அதை அரத்தால் ராவினால் முலாம் போய்விடும். மாற்று முனை அதே கடையில் கிடைக்குமா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

மூன்றாவது, எர்த். மூன்று முள் பிளக் உள்ளதாகப் பாருங்கள். பிளக்கை மின்சாரத்தில் செருகாமல், அதன் பெரிய முள்ளுக்கும் அயர்ன் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், மின்தடை மிகக் குறைவாக இருக்கவேண்டும். இல்லையேல் முனையில் கசியும் மின்சாரம் நுண்ணிய சில்லுகளைக் கொன்றுவிடும்.

‘ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர் பழைய அயர்னை வைத்துக்கொண்டே அழகாகச் செய்கிறாரே!’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எப்போது தொடவேண்டும், எப்போது எடுக்கவேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். கற்றுக்கொள்பவனுக்கோ, பிழை தன்னுடையதா கருவியுடையதா என்றே தெரியாது. ஆகவே, தேர்ந்தவரைவிடப் புதியவனுக்கே நல்ல கருவி தேவை. நாம் செய்வதோ நேர்மாறு. ‘பழகத்தானே’ என்று சொல்லி மட்டமானதை அவன் கையில் கொடுக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்துக்குப் பத்து மலிவான அயர்ன்கள் வாங்கும் பணத்தில், நல்லவையாக மூன்று நான்கு வாங்கித் தாருங்கள். நாங்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்கிறோம். நல்ல அயர்னைச் சொந்தமாக வாங்க வசதியில்லாதவர்கள் எங்களில் பலர். ‘நமக்குக் கை வராது’ என்று அவர்களில் ஒருவன் ஒதுங்கிப் போனால், அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதலில் கூடத்தை நேராக்குவோம். ஆட்டத்தின் குறையைப் பிறகு பேசுவோம்.