காயலான் கடைக்குப் போகவிருந்த தொலைபேசி

 

சென்ற திங்கள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரியின் மடல் வந்தது. உம்மும்மா வஃபாத்தான பின்னர், வீடு அவருடைய பெயருக்கு மாறியிருக்கிறது. வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, துணியில் சுற்றிய பழைய சுழல்வட்டுத் தொலைபேசி ஒன்று கிடைத்ததாம். கறுப்பு நிறம், செங்கல்லைப்போல் கனம், டயலைச் சுழற்றி விட்டால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. "பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனோ, பழுது நீக்கி வைத்துக்கொள்வோம் என்கிறான். பயன்படாத பொருளுக்குப் பணம் செலவிடுவது இஸ்ராஃப் ஆகாதா?" என்று கேட்கிறார்.

எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. பழைய பொருள் வாங்கும் கடைக்குத் தமிழ்நாடு முழுவதும் 'காயலான் கடை' என்று பெயர் வழங்குகிறது. அத்தொழிலில் முன்னின்ற நம் காயல்பட்டினத்தாரால் வந்த பெயர் என்பர். பழைய பொருளின் மதிப்பை அறிந்து பிழைத்த ஊரிலிருந்தா அது வெறும் எடைக்குப் போக வேண்டும்?

இஸ்ராஃப் பற்றிய வினா நியாயமானதே. பெருமைக்காக இருபது தொலைபேசிகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்குவது வேறு. வீட்டிலேயே இருக்கும் ஒன்றைச் சில நூறு ரூபாய்ச் செலவில், பிள்ளையின் கைகளைக் கொண்டே உயிர்ப்பிப்பது வேறு. முன்னதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பின்னதில் பிள்ளை கற்றுக்கொள்வது, செலவாகும் தொகையைவிட மிகுதி.

அக்கருவி உங்கள் வீட்டில் என்ன வேலை செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் அரபு நாடுகளுக்கும் சபர் போய்விட, பெண்கள் பெயரிலிருந்த வீடுகளில் பெண்களே குடும்பம் நடத்திய ஊர் அது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, அஸர் முதல் இஷா வரை காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என மூன்று தரம். மூன்றுக்கும் கட்டணம் வெவ்வேறு. 1960ஆம் ஆண்டு நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. நம் கடற்கரை ஊர்களுக்கு அவ்வசதி வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்த பிறகு வேறொரு தொல்லை முளைத்தது. கட்டணத்துக்கு அஞ்சிய பெரியவர்கள், டயலின் துளையில் சிறு பூட்டு ஒன்றை மாட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அப்பூட்டைப் பிள்ளைகள் வென்ற கதையைச் சொன்னால் இக்கருவியின் நுட்பம் தானே விளங்கிவிடும். ரிசீவரைத் தூக்கினால் இணைப்பகத்தோடு மின்சுற்று கூடுகிறது. டயலை இழுத்து விட்டதும், அது திரும்பி வரும் வழியில் அச்சுற்றை அறுத்து அறுத்துச் சேர்க்கிறது. 1 என்றால் ஒரு முறை, 5 என்றால் ஐந்து முறை, 0 என்றால் பத்து முறை. விநாடிக்குப் பத்து என்பது கணக்கு. ரிசீவர் அமரும் தாங்கியை விரலால் விரைவாகத் தட்டினாலும் இதே அறுபடுதல்தானே நிகழும்? 4 வேண்டுமானால் நான்கு தட்டு, சற்று இடைவெளி, பிறகு அடுத்த எண். பூட்டு பூட்டியபடியே இருக்க, கட்டணச் சீட்டு மட்டும் வளரும்! என் இளமையில் நானும் இவ்வாறு தட்டியவன்தான். பில்லைக் கண்டு வாப்பா தொலைபேசித் துறையைக் குறை சொன்னபோது வாய் திறவாமல் இருந்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் துடிப்புகளைக் கேட்டு இயங்கும் தானியங்கி இணைப்பகத்துக்கு அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்றார். இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுப்பது அவருடைய தொழில். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை, இணைப்பகத்தில் பணிபுரிந்த பெண்மணி, போட்டியாளரான தம் கணவருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்றே, நடுவில் மனிதர் இல்லாத கருவியை அவர் தேடினார் எனச் சொல்லப்படுகிறது. அமானிதம் தவறியதாக எழுந்த ஐயத்திலிருந்து பிறந்ததாம் இந்தச் சுழல்வட்டின் வரலாறு! நம் நாட்டில் 1948இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இத்தகைய கருவிகளைச் செய்தது. உங்கள் கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள், ஐ.டி.ஐ. என்ற எழுத்துகள் இருக்கக்கூடும்.

இனி மகனுக்குச் சொல்ல வேண்டியவை. தூத்துக்குடி முதல் குலசேகரன்பட்டினம் வரை நம் கரையில் தொலைபேசிக்கு வரும் நோய், தேய்மானத்தைவிட உப்பினால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி வியர்ப்பதைக் காண்கிறோம் அல்லவா? காற்றோடு வந்து படிந்த கடலுப்பும் அவ்வாறே ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. பித்தளையில் பச்சைக் களிம்பேற்றுகிறது. அதன்மேல் எண்ணெய் விட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பலர் தவறுவது இங்கேதான். தேங்காய் எண்ணெய் விடுவோரும் உண்டு. அது நாளடைவில் பிசினாகி டயலை மேலும் இறுக்கிவிடும்.

எனவே முதலில் கழுவுதல். இணைப்புக் கம்பி எதிலும் மாட்டப்படவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் கம்பியில் ஏறத்தாழ 75 வோல்ட் மின்சாரம் வரும், கையைச் சுண்டிவிடும். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கைப்பேசி இதற்காவது உதவட்டும். இரும்பு அடித்தட்டைத் தனியே கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே துருவைத் தேய்க்க வேண்டும். மின்தொடர்பு முனைகளில் உப்புத்தாள் படவே கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டித்தாள் கீற்று ஒன்றை, முனைகளுக்கிடையே வைத்து மெல்ல இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

டயல் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் பழைய எண்ணெய் இறுகியதே காரணம். டயலின் பின்புறம், திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு எடைகள் ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். அவற்றின் அச்சுக்குக் கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு போதும். கிண்ணத்தின் உட்புறம் எண்ணெய் பட்டால், உரசல் குறைந்து டயல் ஓட்டமாய் ஓடும், எண்கள் தவறும். பேசுபவர் குரல் மங்கினால், வாய்ப்பகுதிக்குள் இருக்கும் கரித்துகள்கள் ஈரத்தில் கட்டிப்பட்டிருக்கும். ரிசீவரை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் பல வேளைகளில் குரல் தெளியும். அன்றைக்குப் பெரியவர்கள் கோபத்தில் தட்டியதும் வீண்போகவில்லை! மணி ஒலிக்காவிட்டால் உள்ளேயுள்ள 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பார்க்க வேண்டும். காகிதத்தால் ஆன அது ஈரம் ஏறிக் கெட்டிருக்கலாம். அதே அளவில் 250 வோல்ட் தாங்கும் புதியது மிகச் சிறு விலைக்குக் கிடைக்கும்.

இத்தனையையும் எழுத்தில் படிப்பதைவிட, ஓய்வுபெற்ற தொலைபேசி மெக்கானிக் ஒருவரிடம் ஒருநாள் உட்காருவது மேல். உங்கள் தெருவிலோ அடுத்த ஊரிலோ ஒருவர் இருப்பார். டயல் திரும்பும் ஓசையைக் கேட்டே வேகம் சரியா என்று சொல்லிவிடுவார். நம் கரையின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. பார் அறிந்து மூழ்கியவர்களிடம் அக்கலையைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? மகனை இந்த விடுமுறையிலேயே அனுப்புங்கள்.

மேலும் ஒன்றிரண்டு வாங்கிச் சேர்க்க அவன் ஆசைப்பட்டால், காரைக்குடியின் பழம்பொருள் கடைகளைக் காட்டலாம். ஆனால் எச்சரிக்கை தேவை. பளபளக்கும் பித்தளையில் 'நூறாண்டுப் பழமை' என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒன்றை விற்றார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், டயல் துளைகளுக்கு அடியில் பொத்தான்கள். உள்ளே புதிய மின்னணுப் பலகை. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அவ்வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். தொலைபேசியிலும் அடித்தட்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டே விலை பேசுங்கள். எப்படிக் கைக்கு வந்தது என்றும் கேளுங்கள். அந்நாளில் கருவி துறையின் உடைமை, இணைப்பை ஒப்படைக்கும்போது கருவியையும் திருப்பித்தர வேண்டும். களவுப் பொருள் நம் வீட்டுக்கு வேண்டாம். உங்கள் கருவியும் அவ்வாறு திருப்பித்தர வேண்டியிருந்த ஒன்றா என்று, வீட்டிலுள்ள பழைய இரசீதுகளைப் பார்த்துவிடுங்கள்.

பழுது நீங்கியபின் பயன்படுமா என்றால், ஓரளவு பயன்படும். செம்புக்கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்ட வீடுகளில், மோடத்தின் தொலைபேசித் துளையில் இதை மாட்டினால் வரும் அழைப்புக்குப் பெரும்பாலும் மணி அடிக்கும், பேசவும் முடியும். டயலின் துடிப்பை மட்டும் பல மோடங்கள் புரிந்துகொள்வதில்லை. துடிப்பை ஒலியாக மாற்றும் சிறு கருவி ஒன்றை இடையில் சேர்த்தால் இங்கிருந்தும் அழைக்கலாம். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது. முதலில் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன். வஸ்ஸலாம்.