கண்ணு எங்கடா போச்சு?

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு செஸ் போட்டி. நாற்பத்தேழு வயதில் உனக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்காதீர்கள். பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டேன். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சுற்றுவட்டாரமே முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. நாற்காலிகளில் பிள்ளைகள். ஜன்னல் கம்பிகளில் அப்பாக்கள்.

மூன்றாவது ரவுண்டில் என் எதிரே ஒன்பது வயதுப் பையன். கால் தரையைத் தொடவில்லை. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். அவன் குதிரை ஒரே தாவலில் என் ராஜாவுக்கு செக் வைத்து, யானையையும் பிடித்துவிடலாம். கிளாக்கை அழுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வயிற்றைக் கலக்கியது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். பையன் பார்த்தான், யோசித்தான், ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினான். நான் ஜெயித்தேன்.

வெளியே அவன் அப்பா ஸ்கோர் ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு நகர்த்தலாக செல்போனில் தட்டினார். செல்போன் அந்தக் குதிரையைக் காட்டிக் கொடுத்தது. பொளேரென்று பிடரியில் ஒன்று. "மாசா மாசம் கோச்சுக்குக் கொட்டிக் கொடுக்கறேன். இதுகூடத் தெரியலையா? கண்ணு எங்கடா போச்சு?"

நான் தடுத்திருக்க வேண்டும். கையில் டீயோடு சும்மா நின்றேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அப்பாவை ஒன்று கேட்கிறேன். ஐந்து முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்துக்கு அன்றைக்குக் கண் எங்கே போயிற்று? 2014 நவம்பர், சோச்சி நகரம். உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். கார்ல்சன் தன் 26-வது நகர்த்தலில் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே திரும்பியிருக்கும். ஆனந்தும் ஓரத்துச் சிப்பாயைத்தான் தள்ளினார். ஆட்டத்தையும் தோற்றார். எதிர்பார்க்காத பரிசு என்றால் சில சமயம் எடுக்கத் தோன்றாது என்கிற மாதிரி பிறகு சொன்னார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி ஆட்டத்தில் யானையைத் தப்பாக நகர்த்தி, நம் பதினெட்டு வயது குகேஷிடம் பட்டத்தைப் பறிகொடுத்த டிங் லிரென் அதுவரை உலக சாம்பியன். இவர்கள் பிடரியில் யார் அடிப்பது?

கோச்சிங் வகுப்பில் தரும் புதிர்ப் புத்தகத்தில் படத்துக்கு மேலேயே எழுதியிருக்கும், 'வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்' என்று. ஏதோ இருக்கிறது என்று தெரிந்து தேடுவது சுலபம். மண்டபத்தில் அப்படி யாரும் போர்டு மாட்டுவதில்லை.

நம் டெல்டா விவசாயியைக் கேளுங்கள். வரப்பில் எங்கெங்கே நண்டு வளை இருக்கிறது என்று யாரும் அவருக்கு லிஸ்ட் தருவதில்லை. நாலு ராத்திரி தண்ணீர் பூராவும் பக்கத்து வயலுக்குப் போன பிறகுதான் கண் பழகும். தோற்ற ஆட்டங்கள்தான் அந்தத் தண்ணீர்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு பார்க்காமல் இருக்க முடியாது. கோச் ஃபீஸ், நுழைவுக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் பற்று. கோப்பை, ரேட்டிங், ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் மட்டும்தான் வரவு. இப்படித்தானே எழுதுகிறீர்கள்? உண்மையில் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்தான் அன்றைக்குச் சேர்ந்த சொத்து. அதையே சாட்சியாக வைத்துப் பிள்ளையை அடிக்கிறீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த ரவுண்டில் குதிரையைத் தேடாது. ஜன்னலைத்தான் பார்க்கும்.

"கண்டிப்பு இல்லாம குகேஷ் மாதிரி வர முடியுமா சார்?" என்பீர்கள். குகேஷின் அப்பா டாக்டர். தொழிலைத் தள்ளிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். கூடப் போவது வேறு, காவல் நிற்பது வேறு.

நீடாமங்கலம் பக்கத்தில் பூவனூர் இருக்கிறது. அங்கே சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரே இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியைச் சிவன் வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். தோற்ற மகளுக்கு ராஜா கல்யாணம் செய்து வைத்தான். "ஏன் பார்க்கலை?" என்று பிடரியில் போட்டதாகக் கதை இல்லை.

போட்டி நடத்துகிறவர்களே, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஜோடியாக உட்கார்ந்து மறுபடி ஆடிப் பார்க்க ஓர் அறை ஒதுக்குங்கள். அங்கே செல்போனுக்கும் அப்பாவுக்கும் அனுமதி வேண்டாம்.

மதியம் அந்தப் பையனைத் தேடிப் போனேன்.

"அங்கிள், நீங்க அதை எப்பப் பார்த்தீங்க?"

"கிளாக்கை அழுத்தினதுக்கு அப்புறம்தான்."

சிரித்தான். போர்டை எடுத்து வைத்து, நான் ஜெயித்த அதே ஆட்டத்தில் நான் கோட்டைவிட்ட மூன்று இடங்களைக் காட்டினான். ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் பிடரியில் யாரும் அடிக்கவில்லை.