பாடசாலைக்குள் போய்ப் பார்க்காமலே பிள்ளையை வேனில் ஏற்றுகிறோம்

அடுத்த ஆண்டு தரம் ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்க வேண்டிய வீடுகளில் இப்போது ஒரே பேச்சு. தோட்டத்துப் பாடசாலையா, டவுன் பாடசாலையா? உண்மையில் பேச்சு எதுவும் நடப்பதில்லை, முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. பக்கத்துக் காம்பராக்காரர் வேனில் அனுப்புகிறார், நாமும் அனுப்புவோம் என்பதுதான் அந்த முடிவு. தோட்டத்துப் பாடசாலைக்குள் போய், அதிபரிடம் நாலு கேள்வி கேட்டு, வகுப்பறையைக் கண்ணால் கண்டு, "இது சரிவராது" என்று தீர்மானித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆடு வாங்கப் போனால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்.

வேன் கூலியை முதலில் கணக்குப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதற்கே எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், மழை பிடித்தால் அதுவும் இல்லை. ஒரு மாத வேன் கூலிக்குத் தாய் எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள். இது போக, ஐந்து வயதுப் பிள்ளை விடியுமுன் பனியில் எழும்ப வேண்டும். தரம் ஒன்றுக்கு மத்தியானத்துக்கு முன்பே பாடசாலை விட்டுவிடும். ஆனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரும்வரை வேன் கிளம்பாது. அந்த நேரமெல்லாம் அந்தச் சின்னது எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

"டவுன் பாடசாலையில் ரிசல்ட் நல்லம்" என்கிறார்கள். எந்த ரிசல்ட்? வாசலில் தொங்கும் பதாகை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள், நடுவில் அதிபர், ஓரத்தில் ஒரு அரசியல்வாதி. எத்தனை பிள்ளைகள் சித்தி என்று அதில் இருக்கும். எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று இருக்காது. சித்தியடைந்தவர்களில் எத்தனை பேர் மாலை டியூசனுக்குப் போனவர்கள் என்றும் இருக்காது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் பணமும் நல்ல பாடசாலையில் ஓர் இடமும் கிடைக்கட்டும் என்று வைத்த பரீட்சை, இன்று பாடசாலைகளுக்கு விளம்பரமாகிவிட்டது. அந்தப் பதாகைக்காக நல்ல ஆசிரியரைத் தரம் ஐந்தில் போட்டுவிட்டு, புதிதாக வந்தவரைத் தரம் ஒன்றுக்கு அனுப்புகிற வழக்கம் டவுனிலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. நாங்கள் போன ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குத் தனி அறை, புது மேசை, சுவரெல்லாம் படம். தரம் ஒன்றும் இரண்டும் மண்டபத்தின் மூலையில், இரண்டு அலுமாரிக்குப் பின்னால். அங்கே ஆசிரியை சொல்வது நமக்கே கேட்கவில்லை. இன்னொன்றில் பதாகையே கிடையாது. தரம் ஒன்று ஆசிரியை பல வருடமாக அதே வகுப்பில் இருக்கிறார், எந்தப் பிள்ளை எந்த லயத்துப் பிள்ளை, எது காலையில் சாப்பிடாமல் வரும் என்று அவருக்குத் தெரிகிறது. இந்த இரண்டில் எது நல்ல பாடசாலை என்று பதாகையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆகவே போய்ப் பாருங்கள். பாடசாலைக்குப் போகுமுன்பே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாடசாலையில் தரம் மூன்று படிக்கும் மூன்று பிள்ளைகளை வெவ்வேறு லயங்களிலிருந்து கூப்பிடுங்கள். மேடையில் பேசுகிற கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம், சாதாரணப் பிள்ளைகள் போதும். பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், அது மனப்பாடமாக இருக்கும். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் "என்ன போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பிறகு ஒரு கணக்கு: இருபத்திரண்டு கிலோ கொழுந்தில் தண்ணிக்கும் பைக்குமென்று மூன்று கிலோ கழித்தால் மிச்சம் எவ்வளவு? (நமது தராசில் நடப்பதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.) தாய்க்கு வாசிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படித்த அக்காவோ மாமாவோ பக்கத்தில் இருக்கலாம். மூன்றில் இரண்டு பிள்ளை தடுமாறாமல் வாசித்தால் அந்தப் பாடசாலையில் வேலை நடக்கிறது. மூன்றும் எழுத்துக்கூட்டித் திணறினால் எத்தனை பதாகை தொங்கினாலும் நடக்கவில்லை. டவுன் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இதையே வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் ஆச்சரியம் காத்திருக்கும்.

பிறகு பாடசாலைக்குப் போங்கள். தரம் ஒன்றை யார் படிப்பிக்கிறார், எந்தப் பஸ்ஸில் வருகிறார், பஸ் பிந்தினால் வகுப்பை யார் பார்ப்பது என்று கேளுங்கள். மலசலகூடத்தைத் திறந்து பாருங்கள், குழாயைத் திருகிப் பாருங்கள். வயது வந்த பெண்பிள்ளை மாதத்தில் சில நாட்கள் வீட்டில் நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது தாய்மாருக்குத் தெரியும். சிங்களமும் ஆங்கிலமும் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டடத்துக்குப் பின்னால் மண்மேட்டையும் பாருங்கள். 2014இல் மீரியபெத்தையைக் கண்ட நாம் இதைக் கேட்காமல் வரக்கூடாது.

இப்படிக் கேட்டால் சில அதிபர்களுக்குக் கோபம் வரும். "கொழுந்து பறிக்கிறவளுக்கு என்ன தெரியும்" என்ற நினைப்பு இன்னும் சிலருக்குப் போகவில்லை. அது பழைய காலத்து மிச்சம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. நமது பாடசாலைகளோ தோட்டத்தின் கையிலேயே இருந்தன. துரை வைத்த ஒரே ஆசிரியர், ஒரே அறை, நாலைந்து வகுப்பு, பத்து வயதில் பிள்ளை மலைக்கு. 1977க்குப் பிறகுதான் அரசாங்கம் படிப்படியாக அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் பிந்திய ஓட்டம் அது. அதன்பின்னும் என்ன செய்தார்கள்? மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் என்று நமது பிள்ளைகளையே சேர்த்து, மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். போராடிய பிறகு அது 10,000 ஆனது. முழு ஆசிரியர் செய்கிற வேலைக்கு அந்தக் கூலி கொடுத்தவர்கள்தான் இன்று "தோட்டத்துப் பாடசாலையில் தரம் இல்லை" என்கிறார்கள்.

டவுனில் பெயர் போன பாடசாலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். போட்டியுள்ள பாடசாலையில் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டத்தான் அதிகப் புள்ளி. அதற்கு உறுதி கேட்பார்கள், சொந்தப் பெயரில் மின்சாரப் பட்டியல் கேட்பார்கள். ஐந்து தலைமுறை இருந்த லயத்துக்கு நம்மிடம் என்ன உறுதி இருக்கிறது? ஆகவே சிலர் யாரோ ஒருவருடைய முகவரியைத் தேடி ஓடுகிறார்கள், தரகருக்குக் காசு கட்டுகிறார்கள். காணியுரிமைக் கோரிக்கை பாடசாலை வாசலிலும் வந்து நிற்கிறது என்பதை நமது தலைவர்மார் மேடையில் சொல்வதில்லை. அவர்கள் பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள். எந்தச் சங்கத்துத் தலைவர் என்று கேட்க வேண்டாம்.

வேனில் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டத்துப் பாடசாலையின் இடாப்பில் ஒரு பெயர் குறைகிறது. பிள்ளை எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கை. பிள்ளை குறைந்தால் ஆசிரியரை இடம் மாற்றுவார்கள், இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள், கடைசியில் பூட்டவும் செய்வார்கள். அதுவரை அங்கே மிஞ்சுவது யார்? வேனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை, தாய் மத்திய கிழக்குக்குப் போய் அம்மாயியோடு நிற்கும் பிள்ளை. கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் எல்லாம் டவுனுக்குப் போன பின்பு, அந்தப் பிள்ளைகளுக்காக யார் பேசுவது?

பார்த்தபின்பும் சரிவராத பாடசாலைகள் இருக்கின்றன. தரம் ஒன்றுக்கு ஆசிரியரே இல்லாத இடத்தில் பிள்ளையைக் கட்டிப்போடச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அப்படிப்பட்ட வீட்டை நாங்கள் குறை சொல்லவும் மாட்டோம். ஆனால் ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள்: ஏன் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். அதிபருக்கு ஒன்று, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒன்று, திகதி போட்டு, பிரதி கையில் வைத்து. எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்த மாதத்திலிருந்து ஆசிரியர் இல்லை என்று எழுதுங்கள். "குறைபாடுகள் உண்டு" என்று மொட்டையாக எழுதினால் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. நமது பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை என்று தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று போங்கள். காசுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், புரியாவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

தரம் ஒன்று விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் கிளை ஒரு மாலை கூடட்டும். அந்த மூன்று பிள்ளைகளையும் பத்திரிகைத் துண்டையும் அங்கே கொண்டுவாருங்கள். ஆசிரியரையும் கூப்பிடுங்கள். அவருக்கும் வலயத்திடம் சொல்ல நிறைய இருக்கும்.