பத்தொன்பதுக்குப் பதினெட்டு

விளையாட்டுப் பக்கத்தின் அடியிலே பொடி எழுத்தில் அச்சாகும் புள்ளி அட்டவணையைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைத் தலைப்பிற் பார்த்துவிட்டு அப்பாற் போய்விடுகின்றனர். மாணவர்களாவது அங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும் என்பது நமது விருப்பம். கட்டுரை சொல்லாததை அட்டவணை சில வேளைகளிற் சொல்லிவிடும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த ஒரு கூடைப்பந்தாட்டம். ஆடியவர்கள் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர்கள். ஆட்ட நேரம் 48 நிமிடம். பார்க்க வந்திருந்தோர் 7,021 பேர். முடிவு: போட் வெயின் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. அந்நாட்டின் தேசிய கூடைப்பந்துச் சங்க வரலாற்றில் இதனிலும் குறைந்த புள்ளிகளோடு முடிந்த ஆட்டம் வேறில்லை.

அட்டவணையைப் பார்ப்போம். லேக்கர்ஸ் குழுவினர் கூடையை நோக்கி எறிந்தவை 18, விழுந்தவை 4. பிஸ்டன்ஸ் எறிந்தவை 13, விழுந்தவையும் 4. எஞ்சிய புள்ளிகளெல்லாம், எதிராளி தவறிழைக்கும்போது கிடைக்கும் தடையற்ற எறிவுகளால் வந்தவை. பிஸ்டன்ஸுக்கு 11, லேக்கர்ஸுக்கு 10. லேக்கர்ஸின் நான்கு கூடைகளையும் போட்டவர் ஜோர்ஜ் மைக்கன் ஒருவரே. தடையற்ற எறிவு ஏழையுஞ் சேர்த்து, 18 புள்ளிகளில் 15 அவருடையது. பொப் ஹரிசன் 2, ஜிம் பொலாட் 1. குழுவில் வேறெவரும் ஒரு புள்ளியேனும் எடுக்கவில்லை.

இதனை வீரர்களின் திறமைக்குறைவு என்று எண்ணுதல் தவறு. ஆறடி பத்தங்குல உயரமும் மூக்குக்கண்ணாடியுமாக ஆடிய மைக்கன் அக்காலத்தின் முதல்தர வீரர். லேக்கர்ஸ் தமது சொந்த மைதானத்தில் தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்றிருந்தனர். பிஸ்டன்ஸின் பயிற்சியாளர் மறே மென்டன்ஹோல் கண்ட வழி எளியது. பந்து நம் கையில் இருக்கும்வரை மைக்கனின் கைக்கு அது போகாதல்லவா? ஆகவே எறியாமல் வைத்துக்கொண்டிருங்கள் என்றார். அவ்வாறே அவர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றனர், சபையோர் கூச்சலிட்டனர். கடைசிக் கால்பகுதியின் 12 நிமிடத்தில் பிஸ்டன்ஸ் எடுத்தவை 3, லேக்கர்ஸ் எடுத்தது 1. முடிவுக்குச் சில வினாடிகளே இருக்கையில் லாரி பவுஸ்ட் போட்ட கூடை வெற்றியைத் தந்தது.

மென்டன்ஹோலைப் பழித்தவர் பலர். நமக்கு அவரைப் பழிக்க மனம் வரவில்லை. அவர் விதி எதனையும் மீறினாரல்லர். 1891இல் இவ்வாட்டத்தை ஆக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். எல்லைக்கு வெளியேயிருந்து பந்தை உள்ளே எறிபவர் ஐந்து வினாடிக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று அவற்றில் உண்டு. உள்ளே நிற்கும் குழு எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நெய்ஸ்மித்தும் நம்மைப்போல் ஓர் ஆசிரியரே. பிள்ளைகள் விதியின் எந்த இடுக்கிற் புகுவார்கள் என்பதை எந்த ஆசிரியர்தான் முன்கூட்டி அறிவார்?

நோய் ஒரு நாளோடு தீரவில்லை. முந்திக்கொண்டவர் பந்தைப் பதுக்குவதும், பிந்தியவர் அதைப் பெறுதற்காக வேண்டுமென்றே தவறிழைப்பதும் வழக்கமாயின. 1953 மார்ச் 21இல் பொஸ்டன் குழு சிரக்கியூசை 111 - 105 என வென்றபோது பொப் கூசி 50 புள்ளிகள் எடுத்தார். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அவர் போட்ட கூடைகள் பத்தே. மற்றைய 30 புள்ளிகளும் தடையற்ற எறிவுகள்!

மருந்தைக் கண்டவர் சிரக்கியூஸ் குழுவின் உரிமையாளர் டனி பியசோன். அவருடைய கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியது. மனத்துக்கு நிறைவான ஓர் ஆட்டத்தில் இரு குழுவும் சேர்ந்து ஏறக்குறைய 120 தடவை எறிகின்றன. 48 நிமிடம் 2,880 வினாடி. 120ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்து 24 வினாடிக்குள் எறியாவிட்டால் அது எதிராளிக்கு என்ற விதி 1954இல் வந்தது. சராசரியாக ஒரு குழு ஓர் ஆட்டத்தில் எடுத்த புள்ளி அடுத்த பருவத்திலேயே 79இலிருந்து 93க்கு ஏறியது. அவ்வருடம் வெற்றிக் கிண்ணம் பியசோனின் சிரக்கியூசுக்கே போனது.

இனி மற்றோர் அட்டவணை. 1962 மார்ச் 2ஆந் திகதி, பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகர். பிலடெல்பியா வொரியர்ஸ் 169, நியூயோர்க் நிக்ஸ் 147. வில்ட் சேம்பர்லேன் தனியொருவராய் 100 புள்ளிகள் எடுத்தது அன்றுதான். கூடைகள் 36, தடையற்ற எறிவுகள் 28. அந்த 36ஐப் போட அவர் 63 தடவை எறிந்தார். 1950இல் இரு குழுவும் சேர்ந்து எறிந்தது 31 என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. அதனிலும் இருமடங்குக்கு மேல் ஒரே மனிதர் எறிந்திருக்கின்றார். அன்று இரு குழுவும் சேர்ந்து எறிந்தவை 233. ஓர் எறிவுக்குப் பன்னிரண்டு வினாடி சொச்சம்.

வேடிக்கை என்னவெனில், நூறை எட்டவிடக்கூடாதென்று நிக்ஸ் குழுவினர் கடைசி நிமிடங்களிற் பந்தைத் தாமதப்படுத்தினர். வொரியர்ஸ் வேண்டுமென்றே தவறிழைத்து அதைப் பெற்றனர். மென்டன்ஹோலின் வித்தை பன்னிரண்டு வருடத்தின் பின்னும் முற்றாய்ச் செத்துவிடவில்லை. 24 வினாடிதான் அதற்கு எல்லையாயிற்று.

அவ்வாட்டத்தின் சலனப்படம் கிடையாது. நான்காம் கால்பகுதியின் வானொலி வருணனை மட்டும் எஞ்சியிருக்கின்றது. முதல் மூன்று பகுதிகளுக்கும் அட்டவணையே முதற் சாட்சி. அதில் சேம்பர்லேனின் வரியோடு நின்றுவிடாமல் மற்றைய வரிகளையும் பார்த்தல் வேண்டும். கை றொட்ஜர்ஸ்: எடுத்த புள்ளி 11, பிறர் கூடை போடுவதற்கு வாகாகப் பந்து கொடுத்தது 20 தடவை. அல் அட்டில்ஸ்: கூடையை நோக்கி எறிந்தவை 8, விழுந்தவை 8, கிடைத்த தடையற்ற எறிவு ஒன்று, அதுவும் விழுந்தது.