தோல் தெரிஞ்ச ஊர்ல ஒரு புருவம்

புருவம் என்ன அவ்வளவு பெரிய விஷயமான்னு கேக்காதீங்க. ஆம்பூர்ல விடிஞ்சதும் ஷூ கம்பெனி வேனுங்க வரிசை கட்டிப் போகும். அதுல ஏறுற பொண்ணுங்க முகத்தை ஒரு நாள் நின்னு பாருங்க. கொஞ்ச காலமா பல முகத்துல ஒரே புருவம். ஒரே அச்சு, ஒரே தடிமன். சிலது செங்கல் நிறத்துல வெளுத்திருக்கு. சிலது சாம்பலும் நீலமுமா இருக்கு. குரோம் போட்டு எடுத்த வெட் ப்ளூ தோலை டேனரியில பார்த்தவங்களுக்கு அந்த நிறம் சொல்லாமலே புரியும்.

எங்க அக்கா பொண்ணும் இப்ப அந்த வரிசையில ஒருத்தி. கல்யாணம் நிச்சயமாச்சு, ப்ரைடல் பேக்கேஜ் பேச பார்லருக்குப் போனா. அங்க சொன்னது இதுதான்: "உங்களுக்கு ஐப்ரோ ரொம்ப மெலிசா இருக்கே, மைக்ரோபிளேடிங் பண்ணிடலாம். இது டாட்டூ இல்லக்கா, செமி பெர்மனென்ட். ஒரு வருஷத்துல தானா போயிடும்." ஷூவோட மேல்பாகத்தைத் தைச்சுத் தைச்சு அவ சேர்த்த காசு அது. படுக்க வெச்சு வரைஞ்சாங்க, அப்படியே கீறிட்டாங்க. எழுந்து உட்கார்ந்தா இடது புருவம் வலதை விட ஏறி நிக்குது. முகம் படுத்தா ஒரு மாதிரி, நிமிர்ந்தா ஒரு மாதிரி இருக்கும். உட்கார வெச்சு, கண்ணைத் திறக்கச் சொல்லித்தான் அளவு எடுக்கணும். தையல் லைன்ல புதுசா சேர்ந்த பொண்ணுக்குக்கூட மார்க்கிங் சரியில்லாம கத்தி வைக்கக் கூடாதுன்னு தெரியும்.

எனக்கு ஆத்திரம் வர்றதே அந்த "டாட்டூ இல்ல"ங்கிற பேச்சுலதான். தோலைக் கீறி உள்ள மையை இறக்கினா அது டாட்டூதான், வேற என்ன? மெஷினுக்குப் பதிலா வரிசையா ஊசி வெச்ச ஒரு கைக்கருவி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்துல வட ஆற்காடு பக்கம் தெருத்தெருவா பச்சை குத்த வந்த குறத்தியம்மா, "இது கட்டையோடதான் போகும் தாயீ"ன்னு சொல்லிட்டுத்தான் கையைப் பிடிப்பாங்க. அந்த நேர்மைகூட இவங்ககிட்ட இல்லையே! இஸ்லாமிய மார்க்கத்துல ஆகாதுன்னு டாட்டூ பக்கமே போகாத வீடுங்க ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் எவ்வளவோ இருக்கு. அந்த வீட்டுப் பொண்ணுங்ககிட்டயும் இதே வார்த்தையைத்தான் சொல்லி விக்கிறாங்க. ரத்த தானம் பண்ணப் போனீங்கன்னா டாட்டூ குத்தி ஒரு வருஷம் ஆகாதவங்ககிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்க. ஏன்? ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூணும் ஊசி வழியா வரும். "இது டாட்டூ இல்ல"ன்னு வைரஸ்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?

மை மேலாக இறங்கினா ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினா மூணு வருஷத்துல மங்கும். கை அழுத்தினா மங்காது. ஆழத்துல கிடக்கிற கறுப்பு, தோல் வழியா பார்க்கும்போது நீலமாத்தான் தெரியும். பழுப்பு மையில மத்த நிறம் போயிட்டா இரும்பு ஆக்சைடோட சிவப்பு மட்டும் தங்கும். எண்ணெய் வடியுற முகமா இருந்தா முடி முடியா கீறின கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து திட்டாயிடும். நம்ம வேலூர் வெயில்ல எத்தனை முகம் எண்ணெய் வடியாம இருக்கு? ஆனா பார்லர் போன்ல காட்டுறதெல்லாம் குத்தின அன்னைக்கே எடுத்த போட்டோ. பொருக்கு உதிர்ந்து, ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு நிக்கிறதுதான் உண்மையான நிறம். அந்தப் போட்டோவைக் கேட்டுப் பாருங்க, பேச்சு மாறும்.

நான் ஷூ கம்பெனியில க்யூசி பார்த்தவ. அதனாலதான் இது எனக்கு இவ்வளவு வலிக்குது. ஐரோப்பாவுக்குப் போற ஷூவுல தோல்ல படுற லெதர் இருக்கு பாருங்க, அதுல குரோமியம் ஆறு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. 2015 மே மாசத்துல இருந்து இதுதான் சட்டம். சில அசோ சாயத்துல இருந்து பிரியற அமீனுக்கு ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. லேப் ரிப்போர்ட் வராம கன்டெய்னர் நகராது. ஷேட் கார்டுல இருந்து ஒரு இழை மாறினா லாட் முழுக்க ரிஜெக்ட். பையர் முன்னாடி நாங்க நின்ன நிலைமையை இன்னைக்கும் மறக்க முடியாது. ஐரோப்பாவோட அதே ரசாயனச் சட்டத்துல, ரீச்னு பேரு, டாட்டூ மைக்கும், நிரந்தர மேக்கப் மைக்கும் 2022 ஜனவரி 4லேர்ந்து கட்டுப்பாடு போட்டாங்க. ஆயிரக்கணக்கான ரசாயனத்துக்கு எல்லை வகுத்தாங்க. அங்க இருக்கிறவங்க காலுக்கும் பாதுகாப்பு, புருவத்துக்கும் பாதுகாப்பு. அந்த ஷூவைத் தைக்கிற பொண்ணோட புருவத்துக்குள்ள என்ன போகுதுன்னு இங்க கேக்க யார் இருக்கா? டாட்டூ மைக்குத் தரக் கட்டுப்பாடு வேணும்னு 2025ல கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் குரல் கொடுத்தார். நம்ம பக்கம் 2024 டிசம்பர்ல திருச்சியில ஒரு டாட்டூ கடையில நாக்கையே ரெண்டாப் பிளந்தாங்க. வீடியோ பரவின பிறகுதான் கைது, சீல் எல்லாம். அதுவரைக்கும் அந்தக் கடை திறந்துதானே இருந்துச்சு? டேனரிக் கழிவு பாலாத்தைக் கெடுத்த விஷயத்துலயும் இப்படித்தான். கெடுத்தவன் காசு கட்டணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்துச்சு.

இத்தனைக்கும் புருவத்தோட அருமை தெரியாத சீமையா இது? 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட மடங்கின விரலை ஆபரேஷன்ல நிமிர்த்தினவர்னு எல்லாருக்கும் தெரியும். புருவத்துக்கும் இங்க ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. தொழுநோய் புருவ முடியைக் கொட்ட வெச்சிடும். நோய் குணமானாலும் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடிச்சு ஒதுக்கிடுவாங்க. வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது. அதனால தலையில முடியுள்ள தோல்ல ஒரு துண்டை, ரத்தக் குழாய் அறுந்துடாம, நெத்தித் தோலுக்கு அடியிலேயே கொண்டு வந்து புருவ இடத்துல பொருத்தினாங்க. தலைமுடி இல்லையா, அது வளர்ந்துகிட்டே இருக்கும், அப்பப்ப கத்தரிச்சுக்கணும். 1955ல தொடங்கின கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி வேலூர்லேர்ந்து எட்டுற தூரம்தான். ஒரு மனுஷன் தலைநிமிர்ந்து தெருவுல நடக்கணும்னு அவ்வளவு பாடுபட்ட மண்ணுல, ரெண்டு நாள் கிளாஸ் போய் சர்டிபிகேட்டை சுவத்துல மாட்டினவங்க கையில ஊசியைக் கொடுத்துட்டு நிக்கிறோம்.

அக்கா பொண்ணைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "புருவம் எப்போலேர்ந்து மெலிஞ்சுது?" பார்லர்ல இதை யாரும் கேக்கலையே! வெளி ஓரத்துல முடி கொட்டினா தைராய்டா இருக்கலாம்னு ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டேதான். இப்ப மாத்திரை சாப்பிடுறா. வைத்தியம் பார்க்க வேண்டிய புருவத்துல மையைக் குத்தி அனுப்பியிருக்காங்க.

புருவம் சரியா வரலைன்னு சொன்னதுக்கு பார்லர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "ஃப்ரீயா டச்-அப் பண்ணித் தர்றோம், தப்பான இடத்துல ஸ்கின் கலர் மை வெச்சு மறைச்சிடலாம்." தயவுசெஞ்சு இதுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க. அந்த ஸ்கின் கலர்ல டைட்டானியம் டையாக்சைடு இருக்கும். பின்னாடி மையை எடுக்க லேசர் அடிச்சா அது கறுத்துடும். சிவப்பு, பழுப்பு மையில இருக்கிற இரும்பு ஆக்சைடும் அப்படித்தான். அதனாலதான் விவரமான டாக்டர் முதல்ல ஒரு ஓரத்துல புள்ளி அளவு லேசர் அடிச்சுப் பார்ப்பார். கண்ணுக்குக் கவசம் வெச்சாகணும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஆறு, எட்டு வாரம் இடைவெளி விடணும். சில பேருக்குப் புருவ முடி கொஞ்ச நாள் வெளுத்துப்போகும். ஒரே சிட்டிங்ல எடுத்துடுவோம்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க. வீட்டுல உப்பு வெச்சுத் தேய்க்கிறது, ஆன்லைன்ல வாங்கின ரிமூவல் க்ரீம் தடவுறது எல்லாம் வேண்டவே வேண்டாம், மை போறதுக்கு முன்னாடி தழும்பு வந்துடும். குத்தி ரெண்டு வாரம்கூட ஆகலைன்னா ஒண்ணுமே பண்ணாதீங்க. ஆறட்டும், நிறம் இறங்கட்டும். சீழோ காய்ச்சலோ வந்தா மட்டும் உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்க, வயித்துல புள்ளை இருக்கிறவங்க, காயம் பட்டா தழும்பு தடிச்சு வளர்ற உடம்புக்காரங்க இதைத் தொடவே கூடாது. பண்ணியே ஆகணும்னு நினைக்கிறவங்க, முதல்ல அதே வடிவத்தைப் பென்சில்ல வரைஞ்சுகிட்டு ஒரு வாரம் வேலைக்குப் போய் வாங்க. கண்ணாடியில பாருங்க, வெயில்ல பாருங்க, கூட வேலை பார்க்கிறவங்களைக் கேளுங்க. ஊசி பாக்கெட்டை உங்க கண் எதிர்லயே பிரிக்கச் சொல்லுங்க. மையை பாட்டில்லேர்ந்து புதுக் கப்புல ஊத்தச் சொல்லுங்க. பாட்டிலைக் கையில வாங்கி கம்பெனி பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி மூணையும் படிங்க.

அக்கா பொண்ணுக்காக அந்த பார்லருக்கு நானே போய் இதைத்தான் கேட்டேன். ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. லேபிள்ல ஒரு பூப்படமும் 'டார்க் பிரவுன்'ங்கிற பேரும்தான் இருந்துச்சு. பேட்ச் நம்பர் எங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் என் மூஞ்சியையே பார்த்துட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேக்கா"ன்னா. பொய் இல்ல, நிஜமாவே யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எங்க தெருவுலேர்ந்து வேன் ஏறுற பொண்ணுங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், பாட்டிலைக் காட்டச் சொல்லுங்க, காட்டலைன்னா எழுந்து வந்துடுங்கன்னு.